இன்னிக்கு மட்டும் வேண்டாமுங்க

அத்தியாயம் 11

எஸ்.டி.டி. பூத்தின் கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டு லோகப்பிரியா அதையே திரும்பவும் சொன்னாள்.

"இன்னிக்கு மட்டும் வேண்டாமுங்க. நாளைக்கு வரச் சொல்லுங்க. நாளைக்கு எப்ப வேணும்னாலும் வரட்டுமுங்க."

அறக்கட்டளை அலுவலகத்தில் போனை எடுத்தவர் பொறுமையான மனிதர்தான். ஆனால் அவர் கையில் எதுவும் இல்லை.

"வீடு பாக்க வர்ற டீச்சர் காலைலயே கிளம்பிட்டாங்கம்மா. உங்க பக்கத்துல இன்னொரு வீடும் பாக்கணும் அவங்க. நாளைக்குக் கமிட்டி உக்காருது. இன்னிக்குப் பாக்காத வீட்டை நாளைக்கு யாரும் பேசமாட்டாங்க. அடுத்த வருஷம்தான்."

"அடுத்த வருஷம் சீட்டு இருக்காதுங்களே."

லோகப்பிரியா சில்லறையைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தாள். சத்தி ரோட்டில் பஸ்கள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயின. சைக்கிளின் பூட்டைத் திறக்கக் கை வரவில்லை.

பதினேழு வயதில் அவள் செய்திருந்த ஒரே திருட்டுத்தனம் அந்த விண்ணப்பம். பீளமேட்டில் ஓர் இன்ஜினியரிங் கல்லூரியில் அவளுக்கு எலக்ட்ரானிக்ஸ் கிடைத்திருந்தது. ஃப்ரீ சீட் மயிரிழையில் தவறி, முழுக் கட்டணமும் கட்ட வேண்டிய பேமெண்ட் சீட். அப்பாவுக்குத் தெரியாமல், அம்மாவிடம் அழுது கையெழுத்து வாங்கி, ஒரு மில்காரக் குடும்பம் நடத்தும் கல்வி அறக்கட்டளைக்கு எழுதிப் போட்டாள். நாலு வருடத்துக்கும் அவர்களே கட்டுவார்கள். ஆனால் ஆள் வந்து வீட்டைப் பார்ப்பார்கள். தகப்பனார் தம் வாயால், எங்களால் முடியவில்லை என்று சொல்ல வேண்டும்.

அதைச் சொல்ல வேண்டியவர் திருமூர்த்தி. கணபதிப் பகுதியில் பம்ப்செட் பாகங்கள் வார்க்கும் பவுண்டரி வைத்திருந்தவர். அது போன தீபாவளியோடு நின்றுவிட்டது. வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் நின்றுவிட்டது என்று யாரும் ஒரு நாளும் சொன்னதில்லை. காலையில் அவர் சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு மொபெட்டில் கிளம்புவார். அம்மா சென்னியம்மாள் டிபன் கட்டிக் கொடுப்பாள். சாயங்காலம் திரும்பி வருவார்.

இன்றைக்குத்தான் மூத்தவள் பூங்கொடியைப் பெண் பார்க்கக் காங்கேயத்திலிருந்து வருகிறார்கள். இரண்டு நாளில் ஆடி பிறக்கிறது. அதற்கப்புறம் ஒரு மாதம் யாரும் வாசல்படி ஏறமாட்டார்கள். முன்பு வந்த இரண்டு இடங்களும் ஆளனுப்புவதாகச் சொல்லிப் போனதோடு சரி.

*

வீட்டுக்குள் நுழைந்தபோது அடுத்த வீட்டு சோபா கூடத்தில் இடம் பிடித்து உட்கார்ந்திருந்தது. அம்மா அடுப்படியில் பலகாரத்துக்குச் சந்தகை பிழிந்துகொண்டிருந்தாள். அவளுடைய அண்ணன் வீட்டு வெள்ளித் தட்டுகள் புளி போட்டுத் துலக்கிக் கவிழ்க்கப்பட்டிருந்தன.

"முடியாதுன்னுட்டாங்கம்மா. இன்னிக்கே வர்றாங்க."

சென்னியம்மாள் மாவு அப்பிய கையோடு அப்படியே நின்றாள்.

"எத்தனை மணிக்கு?"

"மத்தியானத்துக்குள்ள எப்ப வேணாலும் வருவாங்களாம்."

"ஒருத்தங்களுக்கு இருக்கறதாக் காட்டோணும். இன்னொருத்தங்களுக்கு இல்லைன்னு காட்டோணும்." அவள் குரல் உடைந்தது. "நான் எந்தச் சேலையைக் கட்டறது, சொல்லு."

உள்ளறையில் தலை பின்னிக்கொண்டிருந்த பூங்கொடி எழுந்து வந்தாள். இருபத்து மூன்று வயது. பி.காம். முடித்துவிட்டு, பவுண்டரி ஓடிக்கொண்டிருந்தவரை அங்கே கணக்கு எழுதியவள். நிறையப் பேசமாட்டாள்.

"அப்பாவுக்குத் தெரியுமா லோகு?"

"தெரியாதுக்கா."

"அவரு எங்கம்மா?"

"பட்டறைக்குப் போயிருக்காரு. காங்கேயத்துக்காரங்க கார்ல அந்த வழியாத்தான வருவாங்க, முன்னால கூட்டி போர்டைத் தொடைச்சு வெச்சுப்போட்டு வர்றேன்னு போனாரு." சென்னியம்மாள் சின்ன மகளைப் பார்த்தாள். "நான் கையெழுத்துப் போட்டதே பெரிய தப்பு. அதை அவருகிட்டச் சொல்ற தெம்பு எனக்கில்லை சாமி. என்னைக் கேக்காதே."

பூங்கொடி தங்கையின் முன்னால் விழுந்திருந்த முடியை ஒதுக்கிவிட்டாள். "டீச்சர் வந்து நிக்கறப்ப அவருக்குத் தெரியறதைவிட, இப்பத் தெரியறது நல்லது. போய்ட்டு வா."

*

திருமூர்த்தி பவுண்டரி வாசலில் ஒரு முக்காலி மேல் ஏறி நின்று தகரப் பலகையை ஈரத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். கீழே ஒரு வாளித் தண்ணீர். உள்ளே உலை ஆறிப்போய் மாதக்கணக்கானதால் அந்த இடத்துக்கே ஒரு நாளும் இல்லாத அமைதி வந்திருந்தது.

"வந்துட்டாங்களா கண்ணு?" என்றார் திரும்பாமலே.

"இல்லீங்கப்பா." லோகப்பிரியா சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு முக்காலியைப் பிடித்துக்கொண்டாள். "உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணுமுங்க. கோவிச்சுக்காம முழுசாக் கேளுங்க."

வரும் வழியெல்லாம் வரிசைப்படுத்தி வைத்திருந்த வார்த்தைகள் ஒன்றும் வரவில்லை. கையெழுத்து வாங்கியதைத்தான் முதலில் சொன்னாள். பிறகு அறக்கட்டளையை. பிறகு டீச்சர் இன்றைக்கே வருகிறார் என்பதை.

அவர் மெல்ல இறங்கினார். துணியைப் பிழிந்து வாளியின் விளிம்பில் போட்டார்.

"உங்கொம்மா போட்டாளா கையெழுத்து?"

"நாந்தான் போட வெச்சேனுங்க."

"தர்மத்துக்கு எழுதிப் போட்டிருக்கற."

"தர்மம் இல்லீங்கப்பா. உதவித்தொகைங்க. படிக்கற புள்ளைகளுக்குக் குடுக்கறதுங்க."

"பேரை மாத்திச் சொன்னா மாறிப்போயிருமா?" அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். "இந்தக் கையில முப்பது பேருக்கு வாராவாரம் சம்பளம் போட்டிருக்கேன். கோயில் கும்பாபிசேகத்துக்கு நாங்குடுத்தது கல்லுல வெட்டியிருக்குது. நான் போய் ஒரு டீச்சரம்மா முன்னால நின்னு, எம் பொண்ணைப் படிக்க வெக்க எனக்கு வக்கில்லைன்னு சொல்லோணும். அப்படித்தான?"

"ஆமாங்கப்பா."

தான் அப்படிச் சொல்வோம் என்று அவளே எதிர்பார்க்கவில்லை. அவரும்தான்.

"பீஸை நான் கட்டறேன்னு சொல்லியிருக்கேனல்ல?"

"எதை வெச்சுங்க கட்டுவீங்க?"

தீபாவளியிலிருந்து அந்த வீட்டில் யாரும் கேட்காத கேள்வி அது. அம்மா கேட்டதில்லை. கணக்கு எழுதிய அக்கா கேட்டதில்லை. திருமூர்த்தி மகளை, முன்பின் தெரியாத யாரையோ பார்ப்பது போலப் பார்த்தார்.

"அதைக் கேக்கற வயசு உனக்கு ஆகலை."

"வெள்ளிக்கெழமை கடைசி நாளுங்க. எனக்கு வயசாகற வரைக்கும் காலேஜுல காத்திருக்க மாட்டாங்க."

"ஒரு வருசம் பொறு. அக்கா கலியாணம் முடியட்டும்."

"சீட்டு பொறுக்காதுங்கப்பா."

"அப்ப ஆர்ட்ஸ் காலேஜ்ல சேரு. உங்கக்கா படிக்கலையா? அவ என்ன கெட்டா போயிட்டா?"

லோகப்பிரியா முக்காலியிலிருந்து கையை எடுத்தாள். இதற்கு மேல் போனால் திரும்பி வர முடியாது என்று தெரிந்தது. போனாள்.

"நீங்க கட்ட முடியும்னா நான் இப்பவே போன் பண்ணி எங்களுக்கு வேண்டாமுங்கன்னு சொல்லிப்போடறேன். எம் மூஞ்சியைப் பாத்து, முடியும்னு ஒரு தடவை சொல்லுங்க. போதுமுங்க."

அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. குனிந்து வாளியை எடுத்து, அழுக்குத் தண்ணீரை வாசலோரம் ஊற்றினார். அது மண்ணில் இறங்கி மறையும்வரை பார்த்துக்கொண்டே நின்றார்.

"ஊட்டுக்குப் போ," என்றார் கடைசியில். "இன்னிக்கு ஒரு நாள் எம் மானத்தைக் காப்பாத்து கண்ணு. அந்தம்மா வந்தா நான் பேசிக்கறேன்."

*

வெள்ளை அம்பாசிடர் வாசலில் வந்து நின்றபோது எல்லாம் தயாராக இருந்தது. திருமூர்த்தி கைகூப்பி வரவேற்றார். மாப்பிள்ளை அருண்குமார், அவனுடைய அம்மா பழனாத்தாள், பெரியப்பா. காங்கேயத்தில் அரிசி ஆலை வைத்திருப்பவர்கள். பேச்செல்லாம் பெரியப்பாதான்.

"வழியில பாத்தமுங்க, கணபதியில உங்க போர்டு. பளிச்சுன்னு இருந்துச்சுங்க," என்றார் அவர், சோபாவில் சாய்ந்துகொண்டு.

"எல்லாம் உங்களாட்டப் பெரியவங்க ஆசீர்வாதமுங்க," என்றார் திருமூர்த்தி.

உள்ளறை ஜன்னலருகே நின்றிருந்த லோகப்பிரியாவுக்கு அந்தக் குரலைக் கேட்கப் பயமாக இருந்தது. அவ்வளவு இயல்பாக இருந்தது. பக்கத்தில் பட்டுச்சேலையில் பூங்கொடி வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வெளிக்கதவு கிரீச்சிட்டது. கையில் குடையும் தோளில் துணிப்பையுமாக, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஓர் அம்மாள் நின்றிருந்தார். அறுபது வயதிருக்கும். வெயிலில் நடந்து வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது.

"ஏனுங்க, இது திருமூர்த்திங்கறவங்க வீடுதானுங்களா? நான் ரம்ஜான் பீவி. அறக்கட்டளையில இருந்து..."

அந்த வார்த்தை முடிவதற்குள் திருமூர்த்தி வாசலைத் தாண்டிப் போயிருந்தார். விருந்தாளிகளுக்கு முதுகு மட்டும் தெரியும்படி நின்றுகொண்டார். ஆனால் லோகப்பிரியா நின்ற ஜன்னல் அந்தப் பக்கம்தான் இருந்தது.

"ஊடு இதுதானுங்க," என்றார் தாழ்ந்த குரலில். "ஆனா ஏதோ தப்பு நடந்துபோச்சுங்க. சின்னப் புள்ளை வெவரம் தெரியாம எழுதிப் போட்டுட்டா. எங்களுக்கு அந்த உதவியெல்லாம் தேவையில்லீங்க. ஆண்டவன் புண்ணியத்துல நல்லாத்தான் இருக்கறோம். இல்லாத புள்ளைக்கு யாருக்காச்சும் குடுங்க."

ரம்ஜான் பீவி அவருக்குப் பின்னால் தெரிந்த காரையும், திறந்த கதவு வழியே தெரிந்த சோபாவையும், வெள்ளித் தட்டுகளையும் பார்த்தார்.

"அப்படீங்களா? தகப்பனாரு நீங்கதானுங்களே?"

"நாந்தானுங்க."

"உங்க வார்த்தையைத்தானுங்க நான் எழுத முடியும். சரீங்க, வாரேன்."

குடையை விரித்துக்கொண்டு அவர் திரும்பி நடந்தார். திருமூர்த்தி உள்ளே வந்தார்.

"யாருங்க அது?" என்றார் பழனாத்தாள்.

"சின்னவளுக்குத் தெரிஞ்ச டீச்சருங்க. வேற ஊடுன்னு நெனைச்சு வந்துட்டாங்க."

ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்த தங்கையின் கை வெளுத்திருந்ததைப் பூங்கொடி பார்த்தாள். "பின்னால போ," என்றாள் காதோடு. "ஓடு."

*

ரோடு திரும்பும் இடத்தில் லோகப்பிரியா அவரைப் பிடித்துவிட்டாள். செருப்புக்கூடப் போட்டிருக்கவில்லை.

"டீச்சர், நாந்தானுங்க லோகப்பிரியா. அப்பா சொன்னது நெசமில்லீங்க. அக்காவைப் பொண்ணு பாக்க வந்திருக்காங்க. அந்த சோபா பக்கத்து வீட்டுதுங்க. தட்டு எங்க மாமா வீட்டுதுங்க. அந்தக் காரு அவங்களுதுங்க."

ரம்ஜான் பீவி குடையை அவள் பக்கமாகச் சாய்த்தார். "இருக்கலாமுங்க அம்மணி. நீ பொய் சொல்லலைன்னு பாத்தாலே தெரியுது. ஆனா நான் போய், புள்ளை அழுதுச்சு, அதனால எழுதிட்டேன்னு கமிட்டியில சொல்ல முடியாது. வேண்டாம்னு பெத்தவரே சொன்ன வீட்டுக்கு யாரு குடுப்பாங்க?"

"அவரால சொல்ல முடியாதுங்க."

"அப்ப என்னாலயும் எழுத முடியாது." சொல்லிவிட்டு ஒரு நிமிடம் யோசித்தார். "பள்ளிக்கூடத்துக்குப் பின்னால இன்னொரு வீடு பாக்கணும். அதை முடிச்சுட்டு மெயின் ரோட்டு ஸ்டாப்புல காந்திபுரம் பஸ் ஏறுவேன். அதுக்குள்ள உங்கப்பா வந்து பேசினா கேக்கறேன். அதுக்கு மேல எங்கிட்ட ஒண்ணுமில்லைங்க."

லோகப்பிரியா தலையாட்டினாள். நடக்காது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. தார் ரோடு காலைச் சுட்டது. வீடுவரைக்கும் மெதுவாகவே நடந்தாள்.

*

பின்வாசல் வழியாக அவள் நுழைந்தபோது பூங்கொடி காபித் தட்டோடு கூடத்தில் நின்றிருந்தாள். எல்லோர் முகத்திலும் சிரிப்பு. பழனாத்தாள் அவளைப் பக்கத்தில் உட்காரச் சொல்லிக்கொண்டிருந்தார். அருண்குமார் டம்ளரை எடுக்கும்போது நிமிர்ந்து பார்த்து, உடனே குனிந்துகொண்டான்.

"எங்களுக்குப் புடிச்சிருக்குதுங்க," என்றார் பெரியப்பா. "நாங்க அது வேணும் இது வேணும்னு கேக்கற வழக்கமில்லீங்க. நாளைக்கே பூ வெச்சுப்போடலாம். என்ன, போற வழியில உங்க பட்டறையை ஒரு எட்டு பாத்துட்டுப் போயிரலாமுங்க. அருணுக்கும் எந்திரத் தொழில்ல ஒரு ஆசை. நீங்களும் கூட வாங்க, நம்ம கார்லயே போயிரலாம்."

சென்னியம்மாள் அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னிக்கு... ஆளுங்களுக்கு லீவு விட்டிருக்குதுங்க," என்றார் திருமூர்த்தி. "நம்ம ஊட்டு விசேசமாச்சுங்களே."

"அதுக்கென்னங்க. ஆளா பாக்கப் போறோம், எடத்தைப் பாத்தாப் போதும்."

"சாவி மேஸ்திரிகிட்ட..."

அவர் இடுப்பில் சாவிக்கொத்து தெரிந்தது. எல்லோருக்குமே தெரிந்தது.

பூங்கொடி காபித் தட்டை மேஜை மேல் வைத்தாள்.

"பட்டறை பூட்டியிருக்குதுங்க," என்றாள். "இன்னிக்கு மட்டுமில்லீங்க. தீபாவளியில இருந்தே ஓடலீங்க. எங்க சரக்கை வாங்கிட்டிருந்த பெரிய கம்பெனி படுத்துருச்சு. எங்களுக்கு வர வேண்டியது வரலீங்க."

"பூங்கொடி," என்றார் திருமூர்த்தி. அவர் கை இடுப்பிலிருந்த சாவிக்கொத்தின் மேல் போயிற்று.

பெரியப்பா பழனாத்தாளைப் பார்த்தார். பழனாத்தாள் மெதுவாக எழுந்து சேலையைச் சரிசெய்தார். ஒருவரும் ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. சந்தகை ரொம்ப நன்றாக இருந்தது என்று சென்னியம்மாளிடம் சொன்னார்கள். "ஊட்டுல கலந்து பேசிப்போட்டு ஆளனுப்பறோமுங்க," என்றார் பெரியப்பா. முன்பு வந்த இரண்டு இடங்களும் அதைத்தான் சொல்லிவிட்டுப் போயின.

அருண்குமார் வாசல்படியில் ஒரு கணம் நின்று திரும்பினான். ஏதோ சொல்ல வந்தது போலிருந்தது. பெரியப்பா காரிலிருந்து கூப்பிட்டார். போய்விட்டான்.

கார்ச் சத்தம் தேய்ந்ததும் சென்னியம்மாள் தரையில் உட்கார்ந்து அழுதாள். "உன் வாயாலயே கெடுத்துப்போட்டயே. உனக்கு என்ன குறை வெச்சோம்?"

"ஒரு குறையும் இல்லைம்மா." பூங்கொடி அம்மாவின் அருகே உட்கார்ந்தாள். "கலியாணம் ஆன பொறகு தெரியாமயா போயிரும்? அப்ப அவங்க வந்து உங்களைக் கேக்கமாட்டாங்க. அந்த ஊட்டுக்குள்ள நிக்க வெச்சு என்னைக் கேப்பாங்க. அதுக்கு நான் என்ன சொல்லுவேன்?" அவள் அப்பாவின் பக்கம் திரும்பினாள். "நான்தானுங்கப்பா கணக்கு எழுதுனேன். என்னைக்கு நின்னுச்சுன்னு எனக்குத் தெரியாதா? நீங்க தெனமும் கிளம்பிப் போறதைப் பாக்கறப்ப எனக்கு எப்படி இருந்துச்சுன்னு நீங்க கேட்டதே இல்லீங்க."

திருமூர்த்தி மேல்துண்டால் முகத்தை அழுந்தத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். துண்டை அவர் கீழே இறக்கவில்லை என்பதைச் சற்று நேரம் கழித்துத்தான் லோகப்பிரியா புரிந்துகொண்டாள். அப்பா அழுது அவள் பார்த்ததில்லை.

அவளுக்கே அவள்மேல் வெறுப்பாக இருந்தது. இந்த நேரத்தில் இதைச் சொல்லலாமா? ஆனால் பஸ் போய்விடும்.

"அப்பா," என்றாள். "டீச்சர் இன்னும் மெயின் ரோட்டுலதானுங்க இருப்பாங்க."

சென்னியம்மாள் தலை தூக்கினாள். "சும்மா இரு. மனுசனை உசுரோட விடு."

திருமூர்த்தி துண்டை இறக்கித் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு எழுந்தார். ஆணியில் மாட்டியிருந்த மொபெட் சாவியை எடுத்தார்.

"செருப்புப் போட்டுட்டு வா," என்றார்.

*

பஸ் ஸ்டாப்பில் வேப்பமர நிழலில் ரம்ஜான் பீவி தனியாக நின்றிருந்தார். மொபெட்டைப் பார்த்ததும் குடையை மடக்கினார்.

திருமூர்த்தி வண்டியை விட்டு இறங்கி, தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"நான் சொன்னது பொய்யுங்க டீச்சர்," என்றார். "ஊட்டுல ஆளுங்க இருந்தாங்க. அவங்க முன்னால என்னால சொல்ல முடியலீங்க."

"இப்ப முடியுமுங்களா?"

"கேளுங்க."

ரம்ஜான் பீவி கேட்டார். பள்ளியில் வருகைப்பதிவு எடுப்பது போல, குரலில் இரக்கமும் இல்லாமல் கடுமையும் இல்லாமல் கேட்டார். அதனால்தானோ என்னவோ, திருமூர்த்தியால் பதில் சொல்ல முடிந்தது.

"தொழில் என்னங்க?"

"பவுண்டரிங்க. ஓடலீங்க. திருப்பி ஓடும்னும் தோணலீங்க."

"வேற வருமானம்?"

"இல்லீங்க."

"தோட்டம், காடு?"

"அன்னூர்ப் பக்கம் எம் பாகம் கொஞ்சம் இருந்துச்சுங்க. கெணறு வத்திப்போய் முன்னமே வித்தாச்சு."

"புள்ளையைப் படிக்க வெக்க முடியுமுங்களா உங்களால?"

லோகப்பிரியா ரோட்டின் எதிர்ப்பக்கத்தைப் பார்த்துக்கொண்டாள். அவர் முகத்தைப் பார்க்கக் கூடாது என்று தோன்றியது.

"முடியலீங்க," என்றார் திருமூர்த்தி. "எம் பொண்ணு நல்லாப் படிக்கும். எனக்குத்தான் முடியலீங்க."

ஒரு லாரி இரைந்துகொண்டு கடந்து போனது. ரம்ஜான் பீவி புழுதி அடங்கக் காத்திருந்தார்.

"இருக்கற வீடு சொந்தமுங்களா, வாடகைங்களா?"

"சொந்தமுங்க," என்றாள் லோகப்பிரியா. இதுவரை கேட்டவற்றில் அவளால் சொல்ல முடிந்த ஒரே பதில் அதுதான்.

"இல்லீங்க," என்றார் திருமூர்த்தி.

அவள் திரும்பினாள். அவர் டீச்சரைப் பார்த்தே பேசினார்.

"வைகாசியிலயே கிரயம் பண்ணிக் குடுத்துட்டேனுங்க. முப்பது பேரு சம்பளப் பாக்கியோட வாசல்ல வந்து நின்னாங்க. பேங்குல இருந்து ஜப்தின்னாங்க. குடுத்ததெல்லாம் போக, மூத்தவ கலியாணத்துக்குன்னு கொஞ்சம் வெச்சிருக்கேன். ஆவணி முடியறதுக்குள்ள காலி பண்ணோணும். பொண்ணு இந்த ஊட்டு வாசல்ல இருந்து போகட்டும்னு அத்தனை நாள் தவணை கேட்டு வாங்குனேன்."

லோகப்பிரியா பிறந்த வீடு. அம்மா கறிவேப்பிலைக் கன்று வைத்து, அது மரமாகி நிற்கிற வீடு. இத்தனை நாளாக வேறு யாருடைய வீட்டிலோ கூட்டிப் பெருக்கிச் சமைத்துக்கொண்டிருக்கிறாள் அம்மா.

"உங்க சம்சாரத்துக்குத் தெரியுமுங்களா?" என்று கேட்டார் ரம்ஜான் பீவி.

திருமூர்த்தி இல்லையென்று தலையை அசைத்தார்.

"விண்ணப்பத்துல அவங்க சொந்த வீடுன்னுதான் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்காங்க. தெரிஞ்சே மறைச்சதா கமிட்டி எடுத்துக்கிட்டா, புள்ளைக்கு இந்த வருஷமும் இல்லை, எந்த வருஷமும் இல்லை." காந்திபுரம் பஸ் தூரத்தில் தெரிந்தது. டீச்சர் பையைத் தோளில் மாட்டினார். "நாளைக்குக் காலைல கமிட்டி உக்கார்றதுக்கு முன்னாடி ரெண்டு பேரும் ஆபீசுக்கு வாங்க. இப்ப எங்கிட்டச் சொன்னதை அவங்களும் தெரிஞ்சு, அவங்க வாயால சொல்லணும். கிடைக்கும்னு நான் சொல்லமாட்டேனுங்க. வந்தீங்கன்னா, பேசறேன்."

பஸ் நின்று அவரை ஏற்றிக்கொண்டு போயிற்று.

அப்பாவும் மகளும் மரத்தடியில் நின்றார்கள். அவள் கேட்க நிறைய இருந்தது. யார் வாங்கினார்கள், எங்கே போவோம், அக்காவுக்கு ஒதுக்கியதில் எனக்கு ஏன் ஒன்றுமில்லை. ஒன்றையும் கேட்கவில்லை.

"உங்கொம்மா தாங்கமாட்டா," என்றார் அவர். "எப்படிச் சொல்றது கண்ணு?"

"தெரியலீங்கப்பா." அவள் மொபெட்டின் பின்னால் ஏறிக்கொண்டாள். "காலைல உங்ககிட்ட வர்றப்ப எனக்கும் தெரியலீங்க."

அவர் வண்டியை மெதுவாகத்தான் ஓட்டினார். இருந்தாலும் வீடு சீக்கிரமே வந்துவிட்டது.

சென்னியம்மாள் வாசலுக்கே வந்து நின்றிருந்தாள். முகம் கழுவியிருந்தாள். மகளின் முகத்தைப் படிக்கப் பார்த்து முடியாமல், கணவரிடம் கேட்டாள். அன்றைக்கு முதல்முறையாக அவள் குரலில் கொஞ்சம் நம்பிக்கை இருந்தது.

"ஏனுங்க, டீச்சரைப் பாத்தீங்களா? என்ன சொன்னாங்க?"

திருமூர்த்தி வண்டியை ஸ்டேண்ட் போட்டு நிறுத்தினார். நிமிர்ந்து வீட்டை ஒரு தரம் பார்த்தார். பின்னாலேயே மகள் இறங்கி அவர் பக்கத்தில் வந்து நின்றாள்.

"உள்ள வா சென்னி," என்றார். "பூங்கொடியையும் கூப்புடு. உக்காந்து பேசோணும்."